ஊமை டுரியான்

பழ மார்க்கெட்டில் போய் "மூக்கக்கா கடை எது?" என்று கேட்டால் பச்சைக் குழந்தைகூட கை காட்டும். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். கட்டிய புருஷனே அதை மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவன் "மகராணி" என்பான். மற்றவர்களுக்கு அவள் மூக்கக்கா. கடையில் விற்பது டுரியான் ஒன்றுதான். உடம்பெல்லாம் முள்ளும், தெருமுனையிலேயே ஆளைப் பிடித்து நிறுத்தும் வாசனையுமாக இருக்குமே, அந்தப் பழம். பிடித்தவர்கள் அதை வாசனை என்பார்கள், பிடிக்காதவர்கள் நாற்றம் என்பார்கள். நடுவில் நிற்பவர் யாரும் கிடையாது.

டுரியானை வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. லாரியில் தூரம் வர வேண்டுமே என்று தோட்டத்தில் கொஞ்சம் முன்னதாகவே காம்போடு வெட்டி அனுப்பிவிடுவார்கள். கடைக்கு வந்துதான் பழுக்கும். ஒரு நாள் முந்திப் பிளந்தால் சுளை பச்சைக் கிழங்கு மாதிரி இருக்கும். ஒரு நாள் பிந்தினால் புளித்துத் தண்ணீர் விட்டுவிடும். விலையோ யானை விலை. வாங்குகிறவன் எதை நம்பி வாங்குவான்? மற்ற கடைகளில் ஓட்டில் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டிக் காட்டுவார்கள். இந்தக் கடையில் அந்தப் பேச்சே கிடையாது. மூக்கக்கா பழத்தின் வெடிப்புக் கோட்டில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுப்பாள். பிறகு காம்புக்குப் பக்கத்தில் சாக்பீஸால் அடையாளம் வைப்பாள். ஒரு புள்ளி என்றால் இன்றைக்கு, இரண்டு புள்ளி என்றால் நாளைக்கு, கோடு என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் தூக்கிக்கொண்டு போவார்கள். சொல்லப்போனால் அந்தப் புள்ளிதான் கடை.

அந்த மூக்கு செத்துப்போய் மூன்று மாதம் ஆகிறது.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்துபோன சாதாரணக் காய்ச்சல்தான். சில நாள் படுத்து எழுந்தாள். எழுந்த முதல் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று ஜன்னல் வழியே தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது நாத்தனார் தலையில் சுற்றிய ஈரத்துண்டோடு குளியலறையிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தின் அடி கரியாகியிருந்தது.

"எங்க அண்ணி நெனப்பு? வீடு பூரா அடிப்பிடிச்ச நாத்தம். தெரியலையா உங்களுக்கு?"

"காய்ச்சல்ல கிடந்தது, தலை கிறுகிறுன்னு இருக்கு" என்று மூக்கக்கா சமாளித்தாள். நாத்தனார் பாத்திரத்தைத் தேய்க்க எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்குக் கடையில், இருப்பதிலேயே பழுத்த பழத்தைத் தூக்கி மூக்கில் வைத்து இழுத்தாள். காற்று போய்க் காற்று வந்தது. அவ்வளவுதான்.  யாருக்கும் சொல்லாமல் இரண்டு தெரு தள்ளி ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல இவ்வளவு படிப்பா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

கடை போய்விடுமே என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் புருஷனைப் பற்றியது. அவள் அப்பாவின் கடைக்கு ஒருநாள் பழம் வாங்க வந்தவன் அவன். அவன் கையில் இருந்த பழத்தைப் பிடுங்கி மோந்து பார்த்து, "இது காய், வெச்சுட்டுப் போங்க" என்று அனுப்பியவள் அவள். அந்தக் கதையை இன்றைக்கும் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வான். "நகை பாக்கல, நட்டு பாக்கல. அந்த மூக்கைப் பாத்துக் கட்டினேன்யா." கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். இப்போது அவளுக்குச் சிரிப்பு வருவதில்லை. மூக்கைப் பார்த்துக் கட்டியவனுக்கு மூக்கு போன பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்று யோசித்தால் சோறு இறங்குவதில்லை.

ஆனாலும் விடவில்லை. மோப்பம் பிடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டே வேறு வழிகளைப் பழகினாள். பழத்தைக் காதோரம் வைத்துக் குலுக்கினால், பழுத்ததில் சுளை ஓட்டைவிட்டு விலகி உள்ளே லேசாக அசையும். கத்திப்பிடியால் தட்டினால் காய் ஒரு மாதிரியும் பழம் ஒரு மாதிரியும் சத்தம் கொடுக்கும். அடுத்தடுத்த இரண்டு முள்ளைச் சேர்த்து அழுத்தினால் பழுத்தது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். முதல் வாரம் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு தடவை யோசித்து வைத்தாள். யாராவது பிளந்த பழத்தோடு சண்டைக்கு வருவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஒரு பழம்கூடத் திரும்பவில்லை. அவளுக்கே ஆச்சரியம்தான். காதும் விரலும் மூக்கின் வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டன என்று கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்கினாள்.

பயம் மட்டும் போகவில்லை. காரணம் நாத்தனார்.

நாத்தனாருக்கு நாற்பது வயது. அண்ணன்காரனுக்கு இன்னும் அவள் பாப்பாதான், அதனால் ஊருக்கே பாப்பா. புகுந்த வீடு ஒத்துவராமல் திரும்பி வந்து கல்லாவில் உட்கார்ந்தவள். வேடிக்கை என்னவென்றால், டுரியான் கடையில் உட்கார்ந்துகொண்டு டுரியான் நாற்றம் ஆகாது அவளுக்கு. குமட்டும். தைலம் தடவிய கைக்குட்டையை மூக்கை மறைத்துக் கட்டிக்கொண்டுதான் சில்லறை கொடுப்பாள். "கல்லாவுல கொள்ளைக்காரியை உக்கார வெச்சிருக்கியே" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள்.

அந்தக் கைக்குட்டை சில மாதமாக மூக்கில் இல்லை. கழுத்தில் தொங்கியது. மூக்கக்கா அதைக் கவனித்தாள். இத்தனை வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவள் இப்போது எதற்கு அவிழ்த்தாள்? எதை மோப்பம் பிடிக்கிறாள்? மூக்கக்கா புள்ளி வைத்து அடுக்கியதும், ரேக்குகளைத் துடைக்கிறேன் என்று பாப்பா கடை திறக்கும் முன் பழங்களை எடுத்து எடுத்து வைப்பாள். "எதுக்கு அதைப் போட்டு உருட்டுற?" என்று கேட்டால், "வாங்க வர்றவங்களுக்கு முள்ளு குத்துற மாதிரி வெச்சிருக்கீங்களே" என்பாள். விரல் நுனிகளில் பிளாஸ்திரி. "என்ன அது?" என்றால் "கதவு இடுக்குல மாட்டிடுச்சு." எந்தக் கதவு தினம் ஒரு விரலைக் கடிக்கும்? வேவு பார்க்கிறாள், கையும் களவுமாகப் பிடித்து அண்ணனிடம் ஒப்படைக்க நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மூக்கக்கா முடிவு கட்டிவிட்டாள். பதற்றத்தில் அவளுக்கு எல்லாமே தட்டுக்கெட்டுப் போயிற்று. சாக்பீஸ்கூட முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோனது. அழுத்தி எழுதுகிறோம் போல என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் மலைத்தோட்டக்காரர் ஒருவர் வந்தார்.

ஒல்லியான மனிதர், மடித்துவிட்ட சட்டை, கணுக்காலில் பெரிய தழும்பு. கோணிப்பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நீட்டினார். "அம்மா, உங்க பேரைக் கேள்விப்பட்டுதான் வந்தேன். இதைக் கொஞ்சம் பாருங்க."

மூக்கக்கா வழக்கமான கூத்தை நடத்தினாள். கண்ணை மூடி, வெடிப்புக் கோட்டில் மூக்கை வைத்து, நிதானமாக ஒரு இழுப்பு. காதோரம் வைத்து ஒரு குலுக்கு. முள்ளில் ஒரு அழுத்து. "நல்ல வாசனை வருது. நாளைக்குச் சாப்பிடலாம்" என்று இரண்டு புள்ளி வைத்தாள்.

தோட்டக்காரர் அவளை விநோதமாகப் பார்த்தார். "வாசனையா? இந்தப் பழத்துக்கு வாசனையே கிடையாதேம்மா. அதைக் காட்டத்தானே கொண்டுவந்தேன்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. தராசைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷன் நிமிர்ந்து பார்த்தான். தீர்ந்தது கதை என்று நினைத்தாள். அப்போது கல்லாவிலிருந்து பாப்பாவின் குரல் வந்தது. எண்ணிக்கொண்டிருந்த சில்லறையிலிருந்து அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"வாசனைங்கிறது அண்ணிக்கு வாயில வர்ற பேச்சுங்க. பழக்க தோஷம். அவங்க காம்பையும் முள்ளையும் பாத்துதான் சொல்றாங்க. மூக்கே வேண்டாம் அவங்களுக்கு."

புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். தோட்டக்காரரும் சிரித்தார். மூக்கக்காவும் பல்லைக் காட்டி வைத்தாள்.  மூக்கே வேண்டாமாம். தெரிந்துதான் சொல்கிறாள். குத்திக் காட்டுகிறாள். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு இவள் வாயால்தான் நம் குட்டு வெளிப்படப் போகிறது.

தோட்டக்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கதையைச் சொன்னார். மலைச்சரிவில் அவர் நிலம் வாங்கியபோது எல்லை ஓரத்தில் ஒரு மரம் நின்றதாம். மலட்டு மரம், பூக்கும், பழம் கண்டவர் இல்லை, வெட்டிவிடுங்கள் என்று விற்றவன் சொன்னானாம். தோட்டத்தில் ஆட்கள் விழுந்த பழத்தை மோப்பம் பிடித்துத்தான் தேடுவார்கள். அணில், காட்டுப்பன்றி எல்லாம் அப்படித்தான். இந்த மரத்தடிப் புதரில் பழம் விழுவது யார் மூக்கிலும் படவில்லை. வருஷா வருஷம் காய்த்து, விழுந்து, அழுகி, மண்ணாகப் போயிருக்கிறது. மரத்தை வெட்டக் கோடாலியோடு போனவர் புதருக்குள் எதன் மேலோ காலை வைத்து, கணுக்கால் கிழிந்து உட்கார்ந்தார். கிழித்தது ஒரு டுரியான்.

"கோவத்துல கோடாலியால ஒரு போடு போட்டேன். உள்ள சுளை தங்கம் மாதிரி. வாசனை மருந்துக்குக்கூட இல்ல. வாயில வெச்சேன் பாருங்க, கால் வலி மறந்துபோச்சு."

கொட்டையைப் போட்டு முளைக்கவைத்தால் அத்தனை கன்றும் மற்ற மரங்களைப் போலவே வாசனையோடு காய்த்ததாம். அதே மரத்தின் கிளையை ஒட்டுக் கட்டினால்தான் பிறவிக்குணம் மாறாமல் வந்தது. ஒட்டுக் காய்க்க வருஷக்கணக்கில் காத்திருந்தார். தோட்டத்து ஆட்கள் அதற்கு ஊமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். "டுரியானை பஸ்ல ஏத்த மாட்டேங்கிறான், ஓட்டல் வாசல்ல படம் போட்டுக் குறுக்கே கோடு அடிச்சு வெச்சிருக்கான். இந்த ஊமையை எவன் தடுப்பான்? ஒரே ஒரு தொல்லை. எப்பப் பழுத்திருக்குன்னு சொல்ல ஆளில்ல. எங்க ஆளுங்க எல்லாம் மூக்கை நம்பிப் பொழைக்கிறவங்க. எனக்கே இன்னும் பிடிபடல."

மறுநாள் அந்தப் பழத்தைப் பிளந்தார்கள். கச்சிதமாகப் பழுத்திருந்தது. புருஷன் ஒரு சுளையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். "என்னடா இது, டுரியான் தின்ன மாதிரியும் இருக்கு, தின்னாத மாதிரியும் இருக்கு." மூக்கக்காவும் ஒரு சுளை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மூன்று மாதமாக அவளுக்கு எல்லா டுரியானும் ஊமைதான். தோட்டக்காரர் அவள் இரண்டு புள்ளி வைத்த ஓட்டைக் கையில் எடுத்துச் சாமி படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அதோடு விட்டிருக்கலாம். புருஷன் விடுகிற ஆளா? தெரிந்த ஹோட்டல் மேனேஜர் ஒருவரை இழுத்து வந்துவிட்டான். அவர் ஹோட்டலில் பெரிய விருந்து ஒன்று வருகிறதாம். ஜன்னலே இல்லாத ஏசி ஹால். அங்கே டுரியான் பரிமாறினால் ஊர் பூராவும் பேசும் என்று மேனேஜருக்கும் ஆசை. ஆனால் பயம். "பழம் சரியா இருக்கும்னு யார் பொறுப்பு?" என்றார்.

"மகராணி பொறுப்பு" என்றான் புருஷன். "அவ புள்ளி வெச்சா வெச்சதுதான். தப்பா இருந்தா நான் கடையை மூடிட்டுப் போறேன், போதுமா?"

மூக்கக்கா மறுக்க வாயெடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பழத்துக்கு முன்னால் ஊரில் இருக்கும் எல்லா மூக்கும் ஒன்றுதான். தோட்டக்காரர் மூக்கு, புருஷன் மூக்கு, பாப்பாவின் மூக்கு எல்லாமே தன் மூக்கு மாதிரி செத்த மூக்கு. மற்றவர்களிடம் இல்லாதது தன்னிடம் இருக்கிறது. காதும் விரலும். மூன்று மாதமாக ஒரு பழம் திரும்பாமல் நடத்திக் காட்டிய காதும் விரலும். நாடகம் ஆட வேண்டாம், பயப்பட வேண்டாம். "செஞ்சுடலாம்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு ரொம்ப நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

விருந்துக்கு முன்தினம் பழங்கள் வந்து இறங்கின. வேண்டியதைவிட இரண்டு மடங்கு கொண்டுவந்திருந்தார் தோட்டக்காரர். மூக்கக்கா ஒவ்வொன்றாகக் குலுக்கி, தட்டி, முள்ளை அழுத்தி, மறுநாளுக்கானதைப் பொறுக்கி இரண்டு புள்ளி வைத்துத் தனியாக அடுக்கினாள். முடித்துக் கைகழுவிவிட்டுத் திரும்பினால், பாப்பா அந்த அடுக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு பழத்தை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் வைத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்ன பண்ற அங்க?"

பாப்பா எழுந்து வந்தாள். "அண்ணி, இந்த ஆர்டர் வேண்டாம்னு சொல்லிடுங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க. நான் பேசிக்கறேன் அண்ணன்கிட்ட."

"ஏன்?"

"நிஜமாவே தெரியுதா உங்களுக்கு? எது பழம், எது காய்னு?"

மூன்று மாதமாக அடக்கிவைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது மூக்கக்காவுக்கு. "என்னை வேவு பாக்கறதே உனக்கு வேலையாப் போச்சு இல்ல? நானும் பாத்துகிட்டுதான் இருக்கேன். இந்த மழைக்காலத்துலேருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு பழம், ஒரே ஒரு பழம் திரும்பி வந்திருக்கா? நீயே சொல்லு."

பாப்பா வாயைத் திறந்தாள். ஏதோ சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள்.

"வரல அண்ணி" என்றாள். கழுத்துக் கைக்குட்டையைச் சரிசெய்துகொண்டு கல்லாவுக்குப் போய்விட்டாள். நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று மூக்கக்காவுக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் அந்தத் திருப்தி படுக்கப் போகும்வரைகூட நிற்கவில்லை. பாப்பா பயந்தல்லவா இருந்தாள்? பொறாமைக்காரி ஏன் பயப்படுகிறாள்?

ஹோட்டலின் பின்பக்கச் சமையலறையில் எஃகு மேஜை மேல் துணி விரித்துப் பழங்களை அடுக்கினார்கள். கதவுக்கு அந்தப்பக்கம் ஹாலில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். தலைமைச் சமையல்காரர் கையுறை மாட்டிக்கொண்டு கத்தியை எடுத்தார். மேனேஜர், தோட்டக்காரர், புருஷன், பாப்பா எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

முதல் பழம் வெடிப்புக் கோட்டில் சுலபமாகப் பிளந்தது. பொன்னிறச் சுளை. தோட்டக்காரர் மூச்சு விட்டார். புருஷன் மேனேஜரின் முதுகில் தட்டினான்.

இரண்டாவது பழத்தில் கத்தி இறங்கவில்லை. சமையல்காரர் உடம்பைக் கொடுத்து அழுத்தினார். உள்ளே வெள்ளை வெளேரென்று சுளை ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் சுண்டினார். டொக் என்று சத்தம் கேட்டது.

"ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கும்" என்றான் புருஷன்.

மூன்றாவது நன்றாக இருந்தது. நான்காவது காய். ஐந்தாவதும் காய். ஆறாவதைப் பிளந்ததும் புளித்த நீர் மேஜையில் வழிந்தது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தோட்டக்காரர் பிளந்த காயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது மூக்கக்காவுக்கு. புருஷன் அவளைப் பார்க்கவே இல்லை. பழங்களில் இருந்த புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். 

"என் தப்பு" என்றது ஒரு குரல்.

பாப்பா முன்னால் வந்தாள். "ரேக்கு துடைக்கும்போது புள்ளி அழிஞ்சுபோச்சு. அண்ணி திட்டுவாங்கன்னு நானே மறுபடி வெச்சுட்டேன். எது எதுன்னு தெரியாம மாத்தி வெச்சுட்டேன் போல."

புருஷனுக்கு வந்த கோபத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. "உனக்கு எதுக்குடி அந்த வேலை? டுரியான்னாலே மூக்கைப் பொத்திக்கிறவ உனக்கு என்ன தெரியும்? அவ பேரைக் கெடுத்தே தீரணும்னு இருக்கியா? இத்தனை வருஷம் அவ கட்டின பேரு, தெரியுமா?" சமையல்காரர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாப்பா தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள்.

தப்பிக்க வழி திறந்துவிட்டது மூக்கக்காவுக்கு. பேசாமல் நின்றால் போதும். பெயர் பிழைத்தது, கடை பிழைத்தது, புருஷன் கண்ணில் மகராணி மகராணியாகவே இருப்பாள். அவள் கொஞ்ச நேரம் பேசாமல்தான் நின்றாள். பிறகு எப்போது நினைத்தாலும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவளுக்கு உடம்பு கூசும்.

"அவளை விடுங்க" என்றாள். "அவ தொடல. நேத்து ராத்திரி அந்த அடுக்கு மேல துணி போட்டுக் கட்டினது நான், அவிழ்த்தது இங்க வந்து. எல்லாம் நான் வெச்ச புள்ளி."

"நீ சும்மா இரு, அவளுக்கு வக்காலத்து வாங்காத."

"எனக்கு மூக்கு போயிடுச்சுங்க. மழைக்காலத்துக் காய்ச்சலோட போயிடுச்சு. பூவும் தெரியல, புகையும் தெரியல. சொல்லப் பயமா இருந்துச்சு. காதை வெச்சும் கையை வெச்சும் ஓட்டிகிட்டு இருந்தேன்."

 புருஷன் அவளையே பார்த்தான். "காய்ச்சலோடயா? அப்ப இத்தனை நாள் கடையில வித்தது? அத்தனையும் சரியா இருந்துச்சே. அது எப்படி?"

என் காதும் விரலும்தான் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை. காதும் விரலும் செய்த வேலை கண்ணெதிரே மேஜையில் பிளந்து கிடந்தது. பாதி பழம், பாதி காய். இதே காது, இதே விரல். கடையிலும் பாதிதானே சரியாக இருந்திருக்க வேண்டும்? தினம் பத்துப் பேர் சண்டைக்கு வந்திருக்க வேண்டுமே.

அவள் மெல்லத் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். கழுத்தில் அவிழ்ந்து கிடந்த கைக்குட்டையைப் பார்த்தாள். விரல் நுனிப் பிளாஸ்திரிகளைப் பார்த்தாள். அவற்றின் ஓரத்தில் இன்னும் சாக்பீஸ் வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது.

"தினமும் நீதான் புள்ளியை மாத்துனியா?" என்று கேட்டாள். 

 பாப்பா கைக்குட்டையை மேலே இழுத்து மூக்கை மறைத்துக் கட்டிக்கொண்டாள். ஊமைப் பழங்களுக்கு நடுவில் அதற்குத் தேவையே இல்லை. கண்ணுக்குக் கீழே துணி நனைந்தது.

எல்லாப் பழத்தையும் பிளந்து, நல்ல சுளையை மட்டும் தட்டில் வைத்து, ஆளுக்கு இரண்டு என்று இருந்ததை ஆளுக்கு ஒன்றாக்கி மேனேஜர் ஒப்பேற்றிவிட்டார். ஹாலுக்குள் கைதட்டுகூடக் கேட்டது. தோட்டக்காரர் காய்களைக் கோணியில் கட்டிக்கொண்டே, "ஊமையைக் கொண்டுவந்து உங்க வீட்டு வாயைக் கிளறிட்டேன்" என்று வருத்தப்பட்டார். வேனில் திரும்பும்போது புருஷன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான். "ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கும் தெரியும். நான் ஒருத்தன்தான் முட்டாள்." 

மறுநாள் விடியற்காலை லாரி வந்தது. சாதாரண டுரியான், வாசனையோடு. மூக்கக்கா கடை ஓரத்தில் நின்றாள், வழக்கமான இடத்தில் போய் உட்கார மனசு வரவில்லை. புருஷன் பழங்களை இறக்கினான். அவள் முகத்தைப் பார்க்காமலேயே முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். உள்ளே போனான். இன்னொரு முக்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டான்.

"ரெண்டு பேரும் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் போய்விட்டான். அவள் நெஞ்சில் மூன்று மாதமாக ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அந்த ஒரு முக்காலியில் பாதி இறங்கிவிட்டது.

பாப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கைக்குட்டையை அவிழ்த்தாள். ஒரு பழத்தை மோந்து, கண்ணில் நீர் வர, "இன்னைக்கு" என்றாள். மூக்கக்கா ஒரு புள்ளி வைத்தாள். இன்னொன்று. "நாளைக்கு." இரண்டு புள்ளி.

"ஏன் என்கிட்ட சொல்லல பாப்பா?"

"சொன்னா எழுந்து போயிடுவீங்க. அப்புறம் இந்தச் சனியனை நான்தான் மோந்து பாக்கணும்" என்றாள் பாப்பா. "இப்ப மட்டும் என்ன பண்றேன்."

மூக்கக்கா சிரித்துவிட்டாள்.  "அது எப்படி இருக்கும்னு சொல்லேன்."

"எது?"

"இந்த வாசனை. எனக்கு மறந்துகிட்டே வருது."

"அழுகின வெங்காயம் மாதிரி."

"அது உன் வாய்க்கொழுப்பு. சரியாச் சொல்லு."

பாப்பா பழத்தை மறுபடி தூக்கினாள். இந்தத் தடவை அவசரப்படாமல், மூச்சை உள்ளே நிறுத்தி வைத்து யோசித்தாள். "சர்க்கரை கருகினா ஒரு வாசனை வருமே, அது இருக்கு. அதுக்கு அடியில பால் அடிப்பிடிச்ச மாதிரி. அன்னிக்கு நீங்க பக்கத்துலயே நின்னுகிட்டு ஜன்னல் வழியா பாத்துகிட்டு இருந்தீங்களே, அந்தப் பால் மாதிரி."

மூக்கக்காவின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது. காய்ச்சலிலிருந்து எழுந்த முதல் காலை. அவள் டாக்டரைப் பார்க்கும் முன்னால். பழத்தை மோந்து பார்த்து அவளுக்கே தெரிவதற்கும் முன்னால்.

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பழத்தை அவள் பக்கம் தள்ளினாள். "புள்ளி வைங்க அண்ணி. இது இன்னைக்கு."

மூக்கக்கா ஒரு புள்ளி வைத்தாள்.